வராதவர்களைத் தேடிய டாக்டர் பால்ஃபர்



சென்ற இதழில் செயலாளர் வெளியிட்ட அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். கிளப் ஹவுஸ் மாடியில் உள்ள படிப்பறைக்கு மாதத்தில் பதினைந்து பேர்கூட வருவதில்லை. அதனால் அந்த அறையைப் பக்கத்து ஜிம்மோடு சேர்த்துவிடலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் பேசப்போகிறோம். அந்த அறையின் வருகைப் பதிவேட்டை மூன்று வருடமாக வைத்திருப்பவன் நான்தான். செயலாளர் சொன்ன கணக்கு சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவனுக்கு ஒரு பழக்கம் போகாது. சாயங்காலம் கணக்கு டாலி ஆகவில்லை என்றால், எழுதிய என்ட்ரிகளை மறுபடி மறுபடி கூட்டிப் பார்ப்பதில் பயன் குறைவு. பெரும்பாலும் தப்பு எழுதாமல் விட்ட என்ட்ரியில்தான் இருக்கும். எந்த வவுச்சர் வரவில்லை என்று தேட வேண்டும். பதிவேட்டில் இருக்கும் பெயர்களைவிட, இல்லாத பெயர்கள் யாருடையவை என்பதுதான் கேள்வி.

இதை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பள்ளி விடுமுறைக்கு வந்த பேத்தியை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்த்தபடி, தாத்தா, இதையெல்லாம் யார் ஆரம்பித்தது என்று கேட்டாள். வெள்ளைக்காரர்கள் என்றேன். பேர் என்ன என்றாள். தெரியவில்லை. அறுபது வருடமாக அந்த வாசலைக் கடந்துபோகும் சென்னைக்காரனுக்குத் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்த மனிதரும் தன் காலத்தில் ஒரு வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு யோசித்தவர்தான்.

ஸ்காட்லாந்திலிருந்து மெட்ராசுக்கு

எட்வர்ட் கிரீன் பால்ஃபர் 1813 செப்டம்பர் 6 அன்று ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பணியில் கேப்டன். அம்மாவின் சகோதரர் ஜோசப் ஹ்யூம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பெயர்பெற்ற உறுப்பினர். அரசாங்கம் செலவழிக்கும் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டு மந்திரிகளைத் திணறவைத்தவர் என்று அவருக்குப் பெயர். அந்த மாமாவும் ஒரு காலத்தில் கம்பெனியின் டாக்டராக இந்தியாவில் வேலை பார்த்தவர். மருத்துவம், இந்தியா, கணக்கு என்ற மூன்றும் பால்ஃபருக்குக் குடும்பச் சொத்தாகவே வந்தன என்று சொல்லலாம்.

எடின்பரோவில் அறுவை மருத்துவம் படித்து முடித்து, 1834ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அப்போது வயது இருபத்தொன்று. சூயஸ் கால்வாய் இன்னும் வெட்டப்படவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். வழியில் மொரீஷியஸ் தீவில் இறங்கினார். ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்த தீவு அது. மரங்கள் வெட்டப்பட்டுப் பாழான நிலையில் அதைப் பார்த்தது அவர் மனதில் பதிந்துவிட்டது.

மெட்ராஸ் ராணுவத்தில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார். படையோடு பல ஊர்களுக்கு மாற்றலானார். நம் வங்கிக்காரர்களின் டிரான்ஸ்பர் மாதிரிதான். போன இடத்தில் எல்லாம் மொழி கற்றுக்கொண்டார். உருதும் பாரசீகமும் நன்றாகத் தெரியும். தக்காணத்தில் ஊர் ஊராகத் திரியும் நாடோடி மக்களின் பேச்சு, வழக்கம், தொழில் பற்றி விசாரித்து எழுதினார்.

அந்தக் காலத்தில் சிப்பாய்கள் சண்டையில் இறந்ததைவிடக் காலரா, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று முகாமிலேயே இறந்தது அதிகம். பால்ஃபர் ரெஜிமெண்டுகளின் ரிஜிஸ்டர்களை எடுத்து உட்கார்ந்தார். எந்த ஊர் முகாமில் எத்தனை பேர், எந்த நோயில் இறந்தார்கள் என்று அட்டவணை போட்டார். ஆரோக்கியமான இடமாகப் பார்த்து முகாம் அமைத்தாலே பல உயிர்கள் பிழைக்கும் என்று 1845ல் ஒரு புத்தகமே எழுதினார். பின்னர் காலரா பற்றியும் இதே போலப் புள்ளிவிவரம் தொகுத்தார். காலராவுக்குக் காரணமான கிருமி மருத்துவ உலகத்துக்குப் பரவலாகத் தெரியவருவதற்கு முப்பது, நாற்பது வருடம் முந்தைய காலம் அது. காரணம் தெரியாத நிலையிலும் கணக்கு ஒரு வழி காட்டும் என்று அவர் நம்பினார்.

மரமும் தண்ணீரும்

மொரீஷியஸில் பார்த்தது மறக்கவில்லை. நம் ஊர்ப் பஞ்சங்களையும் நேரில் பார்த்தார். மரத்துக்கும் மழைக்கும் நிலத்தின் ஈரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தகவல் சேகரித்து 1849ல் மெட்ராசிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதழில் கட்டுரை வெளியிட்டார். காடு அழிந்த இடத்தில் ஊற்று வற்றுகிறது, பஞ்சம் வந்தால் ஜனங்களின் ஆரோக்கியமும் கெடுகிறது, ஆகவே மரத்தைக் காப்பதும் ஒரு பொதுச் சுகாதார வேலைதான் என்பது அவர் கட்சி.

மரம் எவ்வளவு தூரம் மழையைக் கொண்டுவரும் என்பதில் விஞ்ஞானிகள் இன்றைக்கும் நுணுக்கமாக விவாதிக்கிறார்கள். ஆனால் மரம் நின்ற மண் தண்ணீரை உறிஞ்சி வைக்கும், வெட்டவெளியில் பெய்த மழை மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. நம் குடியிருப்பின் போர்வெல் சென்ற கோடையில் எத்தனை அடி இறங்கியது என்று பிளம்பரைக் கேட்டால் அவரும் சொல்வார்.

இதற்கு ஏழு வருடம் கழித்து, 1856ல், மெட்ராஸ் மாகாணத்தில் வனத்துறை அமைக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் ஹ்யூ கிளெக்ஹார்ன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்து டாக்டர். அதே 1856ல்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை நம் பக்கத்தின் முதல் ரயிலும் ஓடியது. தண்டவாளக் கட்டைக்கும் எஞ்சின் விறகுக்கும் காடுகள் போய்க்கொண்டிருந்த நேரம். அரசாங்கத்துக்குக் காட்டின் அருமை தெரிய ஆரம்பித்ததற்குப் பால்ஃபர் போன்ற டாக்டர்களின் எச்சரிக்கைகளும் ஒரு காரணம்.

சேப்பாக்கமும் ஒரு நூலகமும்

பால்ஃபருக்கு உருதும் பாரசீகமும் தெரிந்திருந்ததால், சேப்பாக்கம் அரண்மனையில் கர்நாடக நவாபுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஏஜெண்ட் வேலையும் அவரிடம் வந்தது. நவாப் குடும்பத்தாருக்கும் சார்ந்தவர்களுக்கும் உதவித்தொகை பட்டுவாடா செய்யும் பொறுப்பும் அதோடு சேர்ந்தது. நம் பாஷையில் சொன்னால் பென்ஷன் கவுண்டர்.

அந்தக் கவுண்டரில் உட்கார்ந்த பிறகுதான் மெட்ராஸ் முஸ்லிம்களின் நிலை அவருக்கு அருகில் தெரிந்தது. பழைய பெருமை இருந்தது, புதிய படிப்புக்கான வசதி இல்லை. ஊரில் இருந்த நூலகங்கள் ஆங்கிலம் தெரிந்த சிலருக்கானவை. 1850ல் முகமதியர் பொது நூலகம் ஒன்றைத் தொடங்க அவர் முன்நின்றார். நவாபும் ஊர்ப் பெரியவர்களும் ஆதரித்தார்கள். திருவல்லிக்கேணியில் அந்த நூலகம் இன்றும் இருக்கிறது. யார் வரவில்லை என்று பார்த்து, அவர்களுக்காக ஒரு கதவைத் திறக்கும் வேலையை இந்த நூலகத்தில்தான் அவரிடம் முதன்முதலில் பார்க்கிறேன்.

காலேஜ் ரோட்டில் கல் குவியல்

இப்போது அருங்காட்சியகத்துக்கு வருவோம்.

மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி என்ற அறிஞர் சங்கத்திடம் பாறை, தாது என்று சுமார் ஆயிரத்து நூறு மாதிரிகள் சேர்ந்திருந்தன. இவற்றை வைத்து ஒரு பொருளியல் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. ஆளுநர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் லண்டனில் கம்பெனி இயக்குநர்களிடம் அனுமதி வாங்கினார். 1851ல் அருங்காட்சியகம் பிறந்தது. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தின் மாடியில் அதற்கு இடம் கொடுத்தார்கள். பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் பால்ஃபர். அவருடைய மருத்துவ வேலையும் மற்ற பொறுப்புகளும் அப்படியே இருந்தன.

கம்பெனிக்கு இதில் ஒரு வியாபாரக் கணக்கும் இருந்தது. எந்த மாவட்டத்தில் என்ன தாது, என்ன மரம், என்ன நார், என்ன சாயம் கிடைக்கிறது என்று ஒரே இடத்தில் தெரிந்தால் வணிகத்துக்கு லாபம். அதை மறைப்பதற்கில்லை. பால்ஃபரும் அந்த நோக்கத்தில்தான் தொடங்கினார். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. மாகாணம் முழுக்கக் கடிதம் போட்டு, கல், விதை, பாம்பு, பறவை, பழைய நாணயம், சிற்பம், ஆயுதம் எது கிடைத்தாலும் அனுப்பச் சொன்னார். பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. மாடி பாரம் தாங்காது என்ற நிலை வந்தது.

1854 இறுதியில் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறினார்கள். பாந்தியன் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் துரைமார்கள் கூடி நடனம், நாடகம், விருந்து என்று பொழுதுபோக்கிய இடம். பிறகு ஆர்மீனிய வணிகர் ஒருவரிடம் போய், 1830ல் அரசாங்கம் திரும்ப வாங்கியது. பாந்தியன் ரோடு என்று இன்றைக்கும் ஆட்டோக்காரர் சொல்லும் பெயர் அதிலிருந்து வந்ததுதான். துரைமார் மட்டும் நுழைந்த வாசல், அதற்குப் பிறகு ஊர் மக்கள் எல்லாருக்கும் திறந்தது.

இந்த இடத்தில் வருத்தமான ஒரு விஷயமும் உண்டு. கிருஷ்ணா நதிக்கரை அமராவதியில் வால்டர் எலியட் 1845ல் தோண்டியெடுத்த பௌத்தச் சிற்பங்கள் மெட்ராசுக்கு வந்து பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859ல் அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பின்னால் கிடைத்த அமராவதிச் சிற்பங்கள் எழும்பூரில் இருப்பதால் நாமும் பார்க்க முடிகிறது. ஒரே ஸ்தூபத்தின் கற்கள் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன.

புலி வந்த கதை

பால்ஃபர் வருகையாளர் எண்ணிக்கையைத் தவறாமல் குறித்து வைத்தார். ஆரம்பத்தில் வந்தவர்கள் படித்தவர்கள், அதிகாரிகள். கல்லையும் தாதுவையும் பார்க்கக் கூலித் தொழிலாளியும் காய்கறிக்காரம்மாவும் ஏன் வரப் போகிறார்கள்?

அப்போது உயிருள்ள ஒரு புலியும் சிறுத்தையும் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. வளாகத்தில் அவற்றை வைத்ததும் கூட்டம் கூடியது. புலியைப் பார்க்க வந்தவர்கள் உள்ளே போய்க் கல்லையும் சிற்பத்தையும் பார்த்தார்கள். பால்ஃபர் பதிவேட்டைப் பார்த்தார், விஷயம் புரிந்தது.

வேறொருவராக இருந்தால், வந்த ஜனம் வேடிக்கை பார்க்கத்தானே வந்தது, இதனால் அறிவு வளருமா என்று முகம் சுளித்திருப்பார். பால்ஃபர் நேரே நவாப் குலாம் கௌஸ் கானிடம் போனார். நவாபிடம் சொந்தமாக விலங்குகள் இருந்தன. அவை அனைத்தையும் ஊர் மக்கள் பார்க்கக் கொடுக்கும்படி கேட்டார். நவாப் சம்மதித்தார். 1855ல் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிரியல் பூங்கா தொடங்கியது. இந்தியாவின் முதல் பொது உயிரியல் பூங்கா இதுதான் என்று சொல்கிறார்கள். ஒரே வருடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும் சேர்ந்தன.

அந்த 1855ஆம் ஆண்டிலேயே நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசு இல்லாமல் காலமானார். கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. சேப்பாக்கம் அரண்மனையும் கைமாறியது. அரண்மனைக்குள் இருந்தவற்றில் பொதுஜனத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது அந்த விலங்குகள்தான்.

1863ல் உயிரியல் பூங்கா மெட்ராஸ் நகராட்சியின் கைக்குப் போய், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. என் வயதுக்காரர்கள் எல்லாரும் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிய கையோடு அங்கே போயிருப்பீர்கள். 1985ல் வண்டலூர் திறக்கப்பட்டு விலங்குகள் அங்கே போயின. இப்போது நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் ஆரம்பம், பாந்தியன் ரோட்டில் நின்ற அந்தப் புலிக் கூண்டு.

சென்னை மக்கள் இந்த இரண்டுக்கும் வைத்த பெயர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். முதலில் காலேஜ் ரோட்டுக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்ததால் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். கிராமத்திலிருந்து என் அத்தை முறை உறவினர்கள் வந்தால், முதல் நாள் பீச், இரண்டாம் நாள் உயிர் காலேஜும் செத்த காலேஜும் என்று அப்பா டைம்டேபிள் போடுவார். அவர்களில் யாரும் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. ஆனால் காலேஜுக்குப் போய்வந்தோம் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அப்போது நாங்கள் சிரித்தோம். இப்போது யோசித்தால் அவர்கள் சொன்னது சரி என்றே படுகிறது. கட்டணம் இல்லாத, பரீட்சை இல்லாத ஒரு காலேஜைத்தான் பால்ஃபர் கட்டினார்.

1859 வரை அவர் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தார். 1865ல் பெங்களூரில் அரசு அருங்காட்சியகம் அமைந்தபோதும் அவருடைய வழிகாட்டல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வராத பெண்கள்

1871ல் பால்ஃபர் மெட்ராஸ் மாகாணத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். மாகாணத்தின் மருத்துவத் துறைக்கே தலைவர். இங்கேயும் அவர் பார்த்தது வராதவர்களைத்தான்.

ஆஸ்பத்திரிகள் இருந்தன, மருந்து இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள். இந்து, முஸ்லிம் குடும்பங்களில் ஏராளமான பெண்கள் அங்கே வரவில்லை. ஆண் டாக்டர் தொட்டுப் பார்க்கக்கூடாது, முகத்தைக் காட்டக்கூடாது. பிரசவம் சிக்கலானால் வீட்டுக்குள்ளேயே தாயும் குழந்தையும் போய்விடுவார்கள். என் அப்பாவைப் பெற்ற பாட்டி அப்படித்தான் இறந்தார். அப்பாவுக்கு அப்போது வயது மூன்று. அது பால்ஃபர் காலத்துக்கு வெகு பின்னால், எங்கள் கிராமத்தில் நடந்தது. அதனால் இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு வெறும் சரித்திரமாகத் தோன்றவில்லை.

பால்ஃபர் 1852லேயே ஒரு பிரசவ மருத்துவ நூலை உருதுவில் மொழிபெயர்த்திருந்தார். தமிழ் உட்பட மற்ற மொழிகளிலும் அது வர ஏற்பாடு செய்தார். ஆனால் புத்தகம் மட்டும் போதாது, பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று 1872ல் அரசாங்கத்துக்கு எழுதினார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் யோசனை. எதிர்ப்பு வராமல் இருக்குமா? ஆண்களோடு உட்கார்ந்து உடற்கூறு படிப்பதா என்றார்கள். இங்கிலாந்திலேயே அப்போது பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தார்கள்.

1875ல் கதவு திறந்தது. நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். மெட்ராசில் பாரிஸ்டராக இருந்தவரின் மனைவி. நம் ஊர்ப் பெண்கள் படும் பாட்டைப் பார்த்து, முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து, பிறகு முழு மருத்துவமும் படிக்க வந்தவர். 1878ல் இங்கே படிப்பை முடித்து, லண்டன் போய்ப் பட்டம் பெற்று, 1883ல் திரும்பி வந்தார். 1885ல் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்க அவர் காரணமானார். அதுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. நம் குடியிருப்பிலேயே அங்கே பிறந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கல்லூரியில்தான் பின்னால் புதுக்கோட்டைப் பெண் முத்துலட்சுமி சேர்ந்து 1912ல் டாக்டர் ஆனார். அவர் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அறியாதவர் இல்லை. முதல் நான்கு பெண்களுக்குத் திறந்த கதவு வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று இனி யாரும் எண்ணி முடிக்க முடியாது.

ஓய்வுக்குப் பின்

1876ல் பால்ஃபர் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். நாற்பது வருடத்துக்கும் மேலான சேவை. புறப்படும்போது இந்து, முஸ்லிம், ஐரோப்பியர் என்று மூன்று தரப்பாரும் சேர்ந்து அவருக்கு வரவேற்புரை மாதிரி ஒரு பிரிவுபசாரப் பத்திரம் வாசித்துக் கொடுத்தார்கள். அவருடைய படத்தை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்தப் பகுதிதான் எனக்கு அதிகம் பிடித்தது. அறுபத்துமூன்று வயதில் லண்டன் போனவர் சும்மா உட்காரவில்லை. இந்தியாவிலும் ஆசியாவிலும் உள்ள செடி, விலங்கு, தாது, தொழில், சாதி, ஊர், வழக்கம் எல்லாவற்றையும் அகரவரிசையில் தொகுத்து அவர் ஒரு கலைக்களஞ்சியம் வைத்திருந்தார். முதல் பதிப்பு 1857ல் மெட்ராசில் வந்தது. அதைத் திருத்தி, விரித்து, மூன்று பெரிய தொகுதிகளாக மூன்றாம் பதிப்பை 1885ல் வெளியிட்டார். அப்போது வயது எழுபத்திரண்டு. கம்ப்யூட்டர் இல்லை, கூகுள் இல்லை. கையால் எழுதிய காகிதங்கள்தான். இரண்டு வருடம் கழித்து இந்தியப் பயிர்களைத் தாக்கும் பூச்சிகள் பற்றியும் ஒரு நூல் வந்தது. 1889 டிசம்பர் 8 அன்று லண்டனில் காலமானார். மருத்துவம் படிக்கும் பெண்களை ஊக்குவிக்க மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஒரு தங்கப் பதக்கம் ஏற்படுத்தினார்கள்.

குறை இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. கம்பெனியின் உப்பைத் தின்றவர், கம்பெனியின் லாபத்துக்கும் உழைத்தவர். மேற்கத்திய மருத்துவம் ஒன்றே சரி என்பது அவர் எண்ணம். நம் வைத்தியருக்கும் ஹக்கீமுக்கும் மருத்துவத்தில் என்ன தெரியும் என்று கேட்கும் தலைப்பிலேயே 1875ல் ஒரு நூல் எழுதினார். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு அது கசக்கும், எனக்கும் கொஞ்சம் கசந்தது. லெட்ஜர் என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். இரண்டையும் எழுதிக் கூட்டிய பிறகும் அவர் பக்கம் நிறையவே மிச்சம் நிற்கிறது.

நம் படிப்பறை

இப்போது நம் கிளப் ஹவுஸ் மாடிக்கு வருகிறேன்.

பால்ஃபரைப் படித்த பிறகு பதிவேட்டை மறுபடி எடுத்தேன். மூன்று வருடப் பெயர்கள். பெரும்பாலும் என்னைப் போன்ற சீனியர் சிட்டிசன்கள், செய்தித்தாள் படிக்க வந்தவர்கள். பிறகு, விட்டுப்போன என்ட்ரிகளை ஒரு தாளில் எழுதினேன். நம் பிளாக்குகளில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகள், பள்ளி விட்டதும் அம்மா வேலை முடிக்கும்வரை லிஃப்ட் பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். வாட்ச்மேன் குடும்பத்துப் பையன் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு, படிப்பறையைப் பயன்படுத்த அனுமதி உண்டு என்பதே தெரியாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கோ அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பழைய வார இதழ்களும் பூட்டிய இரண்டு பீரோவும்தான்.

யாரும் வரவில்லை என்பது உண்மை. வரக்கூடியவர்களில் பாதிப் பேருக்குக் கதவைக் காட்டவில்லை, மீதிப் பேருக்குப் புலியைக் காட்டவில்லை என்பதும் உண்மை.

பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் கோரிக்கை இவ்வளவுதான். அறையை ஒரு வருடம் விட்டுவையுங்கள். மாலை நான்கிலிருந்து ஏழு வரை, இந்த வளாகத்தில் வசிக்கும், வேலை செய்யும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் திறந்துவையுங்கள். பீரோ சாவியை என்னிடம் கொடுங்கள், நான் தினமும் உட்காருகிறேன். ஒரு அலமாரியில் நம் வளாகத்தையே காட்சிக்கு வைப்போம். நம் மரங்களின் இலை, காய், விதை, உதிர்ந்த இறகு, பெயர் எழுதிய அட்டையோடு. இந்த நிலம் அடுக்குமாடி ஆவதற்கு முன் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் பழைய போட்டோ இருந்தால் கொடுங்கள். செலவு அதிகம் ஆகாது. ஒரு வருடம் கழித்து அதே பதிவேட்டைக் கொண்டுவந்து உங்கள் முன் வைக்கிறேன். அப்போதும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால், சுவரை இடிக்க முதலில் கை தூக்குபவன் நானாக இருப்பேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் எழும்பூர் மெட்ரோவில் இறங்கினால் பக்கம்தான். வெண்கலச் சிலைகளையும் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களையும் திமிங்கலத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். படிக்கட்டில் உட்காரும் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு வேனில் அழைத்துப்போக எண்ணம். உடன் வர விரும்புபவர்கள் பி பிளாக் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் தாளில் பெயர் எழுதுங்கள்.

எழுதாதவர்களைத் தேடி நானே வீட்டுக்கு வருவேன்.

— பி பிளாக் குடியிருப்பாளர், ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர்